பெயர் மறைத்த சாட்சி

பொகிப்ஸி, நியூயார்க்
14 ஜனவரி 2003

டெஸ்,

கவரின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்தாய் என்றால், சரி, மேலே படி. யாரும் சாகவில்லை. விவாகரத்துப் பத்திரமும் இல்லை. பதின்மூன்று வருடமாக அதற்கு ஒரு கையெழுத்துப் போட நாம் இரண்டு பேருமே சோம்பல்பட்டுவிட்டோம், இனிமேலா போடப் போகிறோம்?

பழைய வக்கீல் அலுவலகத்தை விட்டு நான் வேறு இடத்துக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இங்கே எல்லோருக்கும் நான் மிஸ் மார்கெட்டி. டெஸ்மண்ட் ஹாலரன் என்று எனக்கொரு புருஷன் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கட்சிக்காரர்கள் எல்லாம் டாக்டர்கள். நோயாளிகள் அவர்கள் மேல் வழக்குப் போட்டால் காப்பாற்றுவது எங்கள் பிழைப்பு. உனக்கு இப்போதே மூக்கு சிவந்திருக்கும், தெரியும்.

அதில் என் வேலை இதுதான். வழக்குப் போட்டவர்கள் தங்கள் பக்கம் பேச ஒரு டாக்டரைப் பிடித்து வைத்திருப்பார்கள். அவர் என்ன கருத்துச் சொல்லப் போகிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்பதை விசாரணைக்கு முன்பே எங்களுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். மற்ற வழக்காக இருந்தால் பெயரையும் கொடுக்க வேண்டும். மருத்துவத் தவறு வழக்கில் மட்டும் இந்த மாநிலம் பெயரை மறைத்துக்கொள்ள விடுகிறது, ஊர் டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஆளை மிரட்டிவிடக் கூடாது என்று. ஆனால் தகுதியை மறைக்கக் கூடாது. எந்த வருடம் பட்டம், எங்கே பயிற்சி, எந்த ஊர் உரிமம், எல்லாம் காகிதத்தில் வரும். பெயர் மட்டும் வராது. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கிறவள் நான். உரிமப் பட்டியல்களையும் பழைய மாணவர் புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு சலித்தெடுப்பேன். இதுவரை நாற்பத்து மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன். பிடித்துக் கொடுத்துவிட்டால் அவர் எங்கே என்ன எழுதினார், எங்கே சறுக்கினார் என்று என் முதலாளி கட்லர் தோண்டித் துருவிவிடுவார்.

போன வியாழக்கிழமை ஒரு காகிதம் வந்தது. மகப்பேறு மருத்துவர். 1976-ல் பட்டம். நியூயார்க், மெய்ன் இரண்டு மாநிலத்திலும் உரிமம். பயிற்சி 1976 முதல் 1978 வரை, பிறகு 1979 முதல் 1981 வரை.

நடுவில் ஒரு வருடத்தைக் காணோம்.

டெஸ், அந்த வருடம் நான். ஒன்பதாம் நெடுஞ்சாலையில் கார் பனியில் சறுக்கி, இடுப்பெலும்பு உடைந்து நான் படுத்துக் கிடந்த வருடம். பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து எனக்குத் தலைவாரிவிட்டாயே, அந்த வருடம். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் பதறிப்போய், "ஏன் அடேல், யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "இல்லடி, உயிரோடதான் இருக்காங்க" என்றேன்.

கட்லரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்துச் சாட்சிக்கு நான் ஒரு வரி எழுதினாலே வேலை போய்விடும், அதுவும் தெரியும். மின்னஞ்சல் அனுப்பினால் அலுவலக இயந்திரத்தில் தங்கிவிடும். போன் செய்ய தைரியம் இல்லை. அதனால் இந்தக் கடிதம்.

நீதானா? பதில் போடாதே. இல்லை, போடு.

அடேல்

*

மச்சையஸ், மெய்ன்
2 பிப்ரவரி 2003

அடேல்,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் போகும் பாதையை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நீ கேட்டதற்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ இதை எழுதியிருக்கவே கூடாது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்: அந்த ஆள் கூண்டில் ஏறுகிறார். உங்கள் கட்லர் எழுந்து, "எங்க பக்கத்து ஆளு யார்கூடயாவது இந்த வழக்கைப் பத்திப் பேசினீங்களா?" என்று கேட்கிறார். சத்தியம் செய்துவிட்டு அவர் என்ன சொல்வார்? ஆமாம், அங்கே வேலை செய்கிறவள் என் மனைவி, கடிதம் எழுதினாள் என்பாரா? அதற்குப் பிறகு அவர் சொல்கிற எதையாவது ஜூரிகள் நம்புவார்களா? பாதிக்கப்பட்டவர்களின் கதி என்ன? உன் கதி என்ன?

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

குளிரில் இடுப்பு வலிக்கிறதா இன்னும்?

டெஸ்மண்ட்

*

பொகிப்ஸி
11 பிப்ரவரி 2003

அன்புள்ள பெயர் தெரியாதவருக்கு,

எழுதாதே என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே கேள்வி கேட்கிற ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வலிக்கிறது. வலது பக்கம். மழைக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் அதிகம். போதுமா?

நேற்று கட்லர் என் மேஜைக்கு வந்தார். உரையாடலை அப்படியே தருகிறேன், ரசி.

"என்ன அடேல், அந்த மெய்ன் ஆளு மாட்டினானா?"

"இன்னும் இல்ல சார்."

"ரெண்டு மாநில உரிமம்னு போட்டிருக்கு. விரல் விட்டு எண்ணிடலாமே!"

"எண்ணினேன். ஒண்ணும் பொருந்தல. நடுவுல ஒரு வருஷம் இடிக்குது."

"உனக்கே இடிக்குதா? உலகம் அழியப் போகுதுன்னு நினைக்கிறேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பதினோரு வருடத்தில் அந்த மனிதரிடம் நான் சொன்ன முதல் பொய். உனக்காகச் சொன்னேன். நீ கேட்கவில்லை, உண்மைதான். நீ எப்போதுதான் என்னிடம் எதையாவது கேட்டாய்?

சொல்லிவிடுகிறேன். அந்த 1990-ஐ. அந்தப் பெண் பிரசவத்தில் செத்துப்போனபோது உன் கூட்டாளி டாக்டர் தாமதமாக வந்தார், அதனால்தான் என்று உனக்குத் தெரியும். நான் அப்போது ஆஸ்பத்திரியின் வக்கீல்களிடம்தான் வேலை பார்த்தேன். ஒரே ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிரு, அவர்களே அந்தக் குடும்பத்தோடு பேசட்டும் என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாய். ஆஸ்பத்திரிக் கதவு உனக்கு மூடியது, ஊர் மூடியது, எல்லாம் சரி. அதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. சமையலறையில் வந்து நின்று, "மெய்ன்ல வேலை கிடைச்சிருக்கு, ஒண்ணாம் தேதி கிளம்புறோம்" என்றாயே, அதற்குத்தான். கிளம்பலாமா என்று கேட்டிருந்தால் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். நீ அறிவித்தாய். நான் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வழக்குக்குக் காரணமான குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அவள் அம்மாவிடம் எங்கள் அலுவலகத்தில் வாக்குமூலம் வாங்கிய அன்று வெளியே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மரிசோல் என்று பெயர். நாலு வயது. இடது கையால் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள், வலது கை மடியில் சும்மா கிடந்தது. "அந்தக் கைக்கு என்ன?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அது தூங்குது" என்றாள். பிறக்கும்போது டாக்டர் அறையில் இல்லாத நேரத்தில் தோள் சிக்கி, நரம்பு போன கை. பிறகு உன் காகிதத்தில் இருந்த கருத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். குழந்தை பெரியது என்று தெரிந்த பிறகு, வலி தொடங்கியதிலிருந்து பிறக்கும் வரை மருத்துவர் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், அறையை விட்டு நகர்ந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் உன் குரலே கேட்டது.

நான் பெயரைக் கொடுக்க மாட்டேன்.

அடேல்

*

மச்சையஸ்
9 மார்ச் 2003

அடேல்,

வழக்கைப் பற்றி நீ எழுதிய பத்தியை நான் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். பதில் எழுத மாட்டேன்.

1990-ஐப் பற்றி எழுதலாம், அது யாருடைய வழக்கும் இல்லை. அந்தப் பெண்ணின் கணவர் என்னை ஆஸ்பத்திரி நடையில் நிறுத்தினார். "சீக்கிரம் பார்த்திருந்தா பொழச்சிருப்பாளா டாக்டர்?" என்றார். ஒரு வாரம் கழித்து வாருங்கள், சொல்கிறேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். ஊரே பேசி, அலுவலகத்தில் யாரோ சொல்லித்தான் நீ தெரிந்துகொண்டாய். அதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கிறேன்.

அறிவித்தேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படித்தான் பேசினேனா? வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னதாக அல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்று. என்னை அமர்த்தியிருக்கும் வக்கீலிடம் (அமர்த்தியிருக்கிறாரா இல்லையா என்று நான் சொல்லவில்லை) உன் கடிதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மறைப்பது எனக்கு வராது, உனக்கே தெரியும். வரும் வாரம் போன் செய்து சொல்லிவிடுவேன். அதன் பிறகு உன் வேலை என்னவாகும் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. முன்கூட்டியே உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன். இந்தத் தடவையாவது.

டெஸ்மண்ட்

*

பொகிப்ஸி
17 மார்ச் 2003

டெஸ்,

சொல்லிவிட்டாயா?

தபால்காரர் வரும்போதெல்லாம், கட்லர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம், இதோ வந்துவிட்டது என்று எழுந்து நிற்கிறேன். மேஜை இழுப்பறையைக் காலி செய்து வைத்துவிட்டேன். நீ சொன்னால் உன்னைத் திட்ட மாட்டேன், திட்டி என்ன ஆகப் போகிறது? ஆனால் சொல்லிவிட்டாயா இல்லையா என்று மட்டும் எழுதித் தொலை.

அ.

*

மச்சையஸ்
30 மார்ச் 2003

அடேல்,

சொல்லவில்லை.

திங்கட்கிழமை போனை எடுத்தேன். வக்கீலின் உதவியாளர் பேசினாள். "என்ன விஷயம் டாக்டர்?" என்றாள். "அங்க பனி உருகிடுச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்தேன். எண்ணை அழுத்தவில்லை.

அன்றைக்கு நீ ஒரு வாரம் கேட்டாய். எனக்கு ஒரு நாள்கூட முடியவில்லை. இப்போது மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்காமலே. ஐம்பத்து மூன்று வயதில் இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சரியென்று தோன்றவில்லை. ஆனால் உன்னை அந்த மேஜையிலிருந்து எழுப்பிவிடுகிற ஆளாக மறுபடியும் நான் இருக்க மாட்டேன்.

கூண்டில் ஏறி என்னைக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரம்தான் என்னால் வளைய முடியும்.

அதனால் இனிமேல் எழுத வேண்டாம். விசாரணை அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. அது உனக்கும் தெரிந்த தேதிதான். அன்றைக்குப் பெயர் எப்படியும் வெளியே வந்துவிடும். அது முடிந்த பிறகு நாம் யாரோடு பேசினாலும் யாருக்கும் கேடில்லை. உன்னைப் பார்ப்பேன். ஆறரை மாதம் இருக்கிறது.

நான் என்னென்னவோ எழுத நினைத்தேன். இவ்வளவுதான் வந்தது.

டெஸ்

*

பொகிப்ஸி
20 ஜூலை 2003

டெஸ்,

தெரியும், எழுதக் கூடாது. நாலு மாதம் கட்டுப்பட்டு இருந்தேன், அதற்கு ஒரு மெடல் கொடு. வழக்கில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தைகூட இதில் இருக்காது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆற்றுக்கு மேலே அந்தப் பழைய ரயில் பாலம் இன்னும் அப்படியே துருப்பிடித்து நிற்கிறது. நாம் இருந்த வீட்டை வாங்கியவர்கள் சமையலறைச் சுவரை இடித்துவிட்டார்களாம். நல்லதுதான். எனக்கு அந்தச் சுவரைப் பிடிக்காது.

உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அதை அடித்து அழிக்க மாட்டேன். இத்தனை வருடம் கோபம் என்று ஒன்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். நீ மார்ச்சில் எழுதிய பிறகு அதையும் காணோம். இப்போது கை வெறுமையாக இருக்கிறது. கடையில் யாராவது உயரமாக, கொஞ்சம் கூன் போட்டுக்கொண்டு நின்றால் சுற்றி வந்து முகத்தைப் பார்க்கிறேன். நீதிமன்றத்துக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று யோசிக்கிறேன். சாட்சி சொல்ல வருகிற ஆளுக்காக எதிர்ப்பக்கத்து வேலைக்காரி புதுக் கோட்டு வாங்குகிறாள். எங்கேயாவது நடக்குமா இது?

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. எங்கள் கட்சிக்காரர், மரிசோலின் பிரசவம் பார்த்த டாக்டர் வின்ஸ்லோ, அலுவலகத்துக்கு வந்தார். எழுபத்திரண்டு வயது. பேச வந்ததைப் பேசிவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீதான பேரைக் கண்டுபிடிக்கிற பொண்ணு?"

"ஆமா டாக்டர்."

"யாரும்மா அந்த ஆளு?"

"தெரியல டாக்டர்."

"சண்டைக்கு இல்லம்மா. அந்த ஆளுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதான்."

அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். அந்தக் குழந்தையின் கையும் எனக்குத் தெரியும், இந்த மனிதரின் முகமும் எனக்குத் தெரியும். நான் சம்பளம் வாங்குவது இவருக்காக. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

கட்லரும் தினமும் புலம்புகிறார். "பேர் தெரியாத ஆளோட எப்படிச் சண்டை போடுறது? எந்தப் பக்கம் அடிக்கணும்னே தெரியலியே!" என்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்கிறேன்.

எண்பத்தாறு நாள் இருக்கிறது.

அடேல்

*

மச்சையஸ்
10 ஆகஸ்ட் 2003

அடேல்,

வின்ஸ்லோவிடம் பொய் சொன்னது தப்பு. அதற்கு நானும் உடந்தை, அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதே கருத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கே ப்ளூபெர்ரி பறிக்கிற காலம். வயல்களில் நிறைமாதப் பெண்கள்கூடக் குனிந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கோடியில் பிரசவம் பார்க்க நான் ஒருவன்தான். அக்டோபரில் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்ஸ்வொர்த்திலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்துக்கொள்வார். நர்ஸ் ஓபலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பதிமூணு வருஷமா லீவே போடாத ஆளு! எங்க போறீங்க டாக்டர், கல்யாணமா?" என்றாள். "அது முன்னாடியே ஆயிடுச்சு" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அங்கே நீ எந்தப் பக்கம் உட்காருவாய்? கட்லருக்குப் பின்னால்தானே? கூண்டிலிருந்து பார்த்தால் தெரியுமா?

புதுக் கோட்டு என்ன நிறம் என்று நீ எழுதவில்லை.

டெஸ்

*

பொகிப்ஸி
30 செப்டம்பர் 2003

டெஸ்,

வழக்கு முடிந்துவிட்டது. உங்கள் பக்கத்து வக்கீல் சொல்லியிருப்பார். நான் சொல்லித் தெரிய வேண்டாம் என்றாலும் நானே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை சமாதானம் ஆனது, நீதிபதியும் ஒப்புக்கொண்டார். மரிசோலுக்கு இனி அறுவை சிகிச்சை, பயிற்சி, எல்லாவற்றுக்கும் வழி உண்டு. அவள் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சத்தியமாக.

ஏன் முடிந்தது என்று கேள். பெயர் தெரியாததால். கட்லருக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. "மறைச்சு வெச்சிருக்காங்கன்னா பெரிய ஆளாத்தான் இருக்கணும், அடேலுக்கே சிக்கலியே" என்று வின்ஸ்லோவிடம் சொன்னார். கிழவர் சம்மதம் கொடுத்துவிட்டார். வெளியே வந்து என்னிடம், "அறையில இருந்தாகணும்னு எழுதினவன்கிட்ட, நீ ஒரு தடவைகூட வெளியே போனதில்லையான்னு கேக்க நினைச்சேன். போகட்டும், பதில் எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

நேற்று கட்லர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "அந்த ஆளு யாருன்னு எனக்கு ஜனவரியிலயே தெரியும் சார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் கேக்கல. நீ சொல்லவும் இல்ல. வீட்டுக்குப் போ, நாளைக்கு வராத" என்றார். அவ்வளவுதான், பதினோரு வருடம். அந்த மனிதர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டெஸ், விசாரணை இல்லை. சாட்சியும் இல்லை. உன் பெயரை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், நீ வர மாட்டாய். நான் உன்னை மறைத்ததால்தான் அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்தது, நான் மறைத்ததால்தான் நீ வராமலும் போகிறாய். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? நாட்காட்டியில் பதினான்காம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தேன். அது என்னைப் பார்த்து முறைக்கிறது.

கோட்டு பச்சை.

அடேல்

*

மச்சையஸ்
5 அக்டோபர் 2003

அடேல்,

விடுப்பை நான் ரத்து செய்யவில்லை.

உன் வேலை போனது என்னால். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நேரில் சொல்கிறேன். பதினான்காம் தேதி காலை ஒன்பதரைக்கு நீதிமன்ற வாசலுக்கு வரட்டுமா? உள்ளே நமக்கு ஒரு வேலையும் இல்லை. படிக்கட்டு யாருக்கும் சொந்தமில்லை.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன், கவனித்தாயா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. பன்னிரண்டாம் தேதி வரை எதுவும் வராவிட்டால் பதின்மூன்றாம் தேதி காலையில் காரை எடுத்துவிடுவேன்.

டெஸ்

*

மச்சையஸ்
15 அக்டோபர் 2003

அடேல்,

நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். அதனால் எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்குப் பை காரில் இருந்தது. எல்ஸ்வொர்த் டாக்டரும் வந்துவிட்டார், காபி குடித்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பும்போது ஓபல் வாசலுக்கு ஓடி வந்தாள். ஒரு பெண் வலியோடு வந்திருக்கிறாள். முதல் பிரசவம், பெரிய குழந்தை. நான்தான் மாதாமாதம் பார்த்தவன், எடை எனக்குத் தெரியும்.

வந்திருந்தவர் நல்ல டாக்டர். "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். போயிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. கார் கதவைத் திறந்தபடி நின்றேன். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கருத்து யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டியில் கிடக்கிறது. ஆனால் எனக்குத் தெரியுமே. பெயர் இல்லாமல் எழுதியதால் அது என்னைக் கட்டாதா? வின்ஸ்லோ கேட்க நினைத்த கேள்வியும் நினைவுக்கு வந்தது.

உள்ளே போனேன். மாலைக்குள் பிறந்துவிடும், இரவே ஓட்டி வந்துவிடலாம் என்று நினைத்து உனக்குப் போன் செய்யாமல் விட்டேன். இருபத்தாறு மணி நேரம் ஆனது. தோள் சிக்கிக்கொண்டது. ஓபல் அடிவயிற்றை அழுத்த, நான் கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். பெண் குழந்தை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு அழுதது. அப்போது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த அறையில் கடிகாரத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அடேல், நான் தேர்ந்தெடுத்தேன். வழியில் கார் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னை நிற்க வைத்துவிட்டுத்தான் அந்த அறையில் இருந்தேன். மறுபடி அந்தக் காலை வந்தாலும் இருப்பேன். இதைக் கேட்ட பிறகும் உனக்கு என்னிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு உன்னிடம் எல்லாமே மிச்சம் இருக்கிறது.

டெஸ்

*

பொகிப்ஸி
21 அக்டோபர் 2003

டெஸ்,

நாலு மணி நேரம் நின்றேன். பச்சைக் கோட்டோடு. நீதிமன்றக் காவலாளி இரண்டு தடவை வந்து, "எந்த கேஸும்மா?" என்று கேட்டான். "தள்ளி வெச்சுட்டாங்க" என்றேன். இடுப்பு விட்டுப் போய்விட்டது. படிக்கட்டில் உட்கார்ந்தேன், பிறகு எழுந்து வீட்டுக்கு வந்தேன். போன் அடித்தது. நீதான் என்று தெரிந்தேதான் எடுக்கவில்லை. மரக்கட்டை, கல்லுளிமங்கன், இன்னும் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். சுவருக்குக் காது இருந்தால் செவிடாகியிருக்கும்.

நேற்று உன் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன். வேறு யாராவது இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் தாளை அடுப்பில் போட்டிருப்பேன். நான் அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தவள் டெஸ். மடியில் சும்மா கிடந்ததே, அந்தக் கையை. நீ மட்டும் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றிருந்தால், உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன், சந்தோஷப்பட்டிருப்பேன், பிறகு ஒரு நாள் விஷயம் தெரிந்து உன்னை மன்னிக்க முடியாமல் தவித்திருப்பேன். அதனால் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதியை மட்டும்.

எனக்கு இப்போது வேலை இல்லை, யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. வியாழக்கிழமை காலை பாஸ்டன் வழியாகப் பாங்கோர் போகிற பஸ்ஸில் கிளம்புகிறேன். அங்கிருந்து உங்கள் ஊருக்கு ஒரு வண்டி வருமாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேரும். வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. இது அறிவிப்பு. ஒரு தடவை நானும் அறிவித்துப் பார்க்கிறேன்.

வண்டி நிற்கிற இடத்துக்கு நீ வர வேண்டாம். யாராவது வலியோடு வந்திருந்தால் அந்த அறையை விட்டு நகராதே. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அடேல் ஹாலரன்